எண்ணெய்ப் பட்டியலில் சேராத பேர்

1

வளவனூரில் என் தம்பி பேத்தி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளை எடை போட்டு நோட்டில் ஏற்றுவது, பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, இதுதான் அவள் வேலை. அவளோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். "ஆயா, நீ மலேசியா போய் அம்பது வருஷத்துக்கு மேல ஆவுது. அங்கத்திய சமாச்சாரம் ஏதாச்சும் எழுதி அனுப்பு" என்று போனில் கேட்டாள்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. எழுத்து வந்ததே இங்கே வந்த பிறகு, முப்பது வயதுக்கு மேல், என் மகன் முதல் வகுப்புப் புத்தகத்தை விரித்துப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துதான். அதற்காக நான் சொல்ல இன்னொருத்தர் எழுதுவது என்பது என்னிடம் நடக்காது. என் சமாச்சாரத்தை என் கைதான் எழுதும். எழுத்துப் பிழை இருந்தால் அவள் திருத்திக்கொள்ளட்டும்.

கப்பலில் வந்தது, ரப்பர் மரம், இங்கத்திய மழை, இதையெல்லாம் எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் வீட்டில் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு வேறெதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

நாங்கள் கிள்ளானில் ஒரு அடுக்குவீட்டில், நாலாவது மாடியில் இருக்கிறோம். பேரன், பேரன் மனைவி ஷாலினி, அவர்கள் மகள் மீரா. மீராவுக்கு நாலு வயது. அப்புறம் நான், என் மூத்த மகள் பூங்காவனம். பூங்காவனத்துக்கும் அறுபது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது.

கவர்மெண்ட் கிளினிக்கில் மூன்று தடவை நிறுத்துப் பார்த்தும் மீராவுக்கு எடை ஏறவில்லை. அதனால் மிஸி வீட்டுக்கே வந்தாள். நர்ஸை இங்கே மிஸி என்றுதான் சொல்வார்கள். சின்ன வயசு மலாய்க்காரப் பெண், கையில் கேள்விகள் அச்சடித்த நீளமான ஒரு பாரம். குழந்தை காலையில் என்ன சாப்பிட்டது, மத்தியானம் என்ன, நேற்று என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். ஷாலினி தயங்காமல் சொல்லிக்கொண்டே போனாள். மீன், முட்டை, கீரை, பால். மிஸி என் பக்கம் திரும்பி, சரிதானே பாட்டி என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த பூங்காவனம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். மலாயில், மிஸிக்குப் புரிகிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள். இந்த வீட்டில் மீன் வாசனை வந்து ஒரு மாசம் ஆகிறது, கீரை வாசனை அதற்கும் முன்னே, குழந்தை தின்பது பொட்டலத்தில் வருகிற மீ நூடுல்ஸ், சந்தேகமாக இருந்தால் குப்பைக்கூடையைத் திறந்து பார்.

மிஸி எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். ஷாலினி முகம் செத்துப்போனது. அவளும் பாவம்தான், வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவள், குழந்தை வேறெதையும் வாயில் வைப்பதில்லை. ஆனால் என்னைக் கலக்கியது அவள் சொன்ன பொய் இல்லை. நான் தலையாட்டினேனே, அது. எண்பது வயதில், எல்லாம் பட்ட பிறகும், என் தலை தானாக ஆடியது.

2

நான் பிறந்தது வளவனூரில். நஞ்சை ஊர், மூன்று வேளையும் நெல்லுச்சோறு. என்னைக் கட்டிக்கொடுத்தது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலத்தை ஒட்டின ஒரு புஞ்சை ஊரில். மல்லாட்டை என்கிற நிலக்கடலை, கேப்பை, கம்பு, இதுதான் அங்கே வெள்ளாமை. சொந்த நிலம் இருந்தது, ஓட்டு வீடு இருந்தது, ஊரில் 'பெரிய வீடு' என்று பேரும் இருந்தது. சோறு மட்டும் பொங்கலுக்கும் கிருத்திகைக்கும்தான். "நெல்லுச்சோறு தின்னு வளந்த ராணி, கூழு எறங்குமா உனக்கு?" என்று என் மாமியார் இடிப்பாள். அவள் இடித்ததை நான் நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தேன்.

வீட்டுக்காரர் மலாயாவில் எஸ்டேட் வேலையில் இருந்தார். லீவில் வந்தவர் திரும்பிக் கப்பல் ஏறின பிறகுதான் எனக்கு முழுகாமல் இருப்பது தெரிந்தது. பூங்காவனம் பிறந்து அஞ்சு வயது ஆகியும் அப்பன் முகம் பார்க்கவில்லை. கடுதாசி வரும். அதுவும் நின்றது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துக்கொண்டான் என்று திண்டிவனம் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். பர்மா அரிசி வராது என்றும் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷம் மழையும் சரியாக இல்லை. வரப்பில் முளைக்கும் கீரைகூடக் கருகிப்போனது.

பசு ஒன்று கறந்துகொண்டிருந்தது. பால் முழுக்கத் திண்டிவனம் காபி கிளப்புக்குப் போய்விடும், வீட்டுக்கு மோர்கூட மிஞ்சாது. புழக்கடையில் முருங்கை மரம் நின்றது. காயை நாங்கள் சாப்பிடுவோம், தழையை ஆட்டுக்குப் போடுவோம். கீரை உருவித் தின்பது இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்பது எங்கள் வீட்டு எண்ணம். மாமியாரைச் சொல்வானேன், அந்த எண்ணம் என்னிடம்தான் கூட இருந்தது.

சேரியிலிருந்து அஞ்சலை எங்கள் கொல்லைக்குக் களையெடுக்க வருவாள். என்னைவிடப் பெரியவள். என்னை அம்மா என்பாள், நான் அவளை வாடி போடி என்பேன். ஒருநாள் முருங்கைத்தழை கொஞ்சம் உருவிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். உருவிக்கோ என்றேன். மடி நிறைய உருவிக்கொண்டவள் போகிற போக்கில் சொன்னாள்: "பாப்பாவுக்கும் கொஞ்சம் வதக்கிக் குடும்மா. வெளக்கு வைக்கிற நேரத்துல அது நடக்கிறது எனக்கென்னவோ நல்லா படல."

எனக்குச் சுருக்கென்றது. உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போடி என்று அனுப்பிவிட்டேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. வெயில் இருக்கும்வரை பூங்காவனம் மற்றப் பிள்ளைகள் மாதிரி ஓடுவாள். பொழுது சாய்ந்ததும் ஓட்டம் நின்றுவிடும். எங்கே இருக்கிறாளோ அங்கேயே உட்கார்ந்துகொள்வாள். கூப்பிட்டால் சுவரைத் தொட்டுக்கொண்டு வருவாள். தட்டில் இருப்பதைக் கையால் துழாவுவாள். தூக்கக் கலக்கம் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். எண்ணெய் முடைக்காக விளக்கைச் சின்னதாக எரியவிடுகிறோம், அதனால் என்று சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு காரணம் கிடைத்தது. காரணம் கிடைக்கக் கிடைக்க அவள் உட்காரும் நேரம் முந்திக்கொண்டே வந்தது.

3

தை மாசம் அறுப்பு முடிந்த சமயம் டாக்டரம்மா வந்தார். திண்டிவனத்தில் தங்கிக்கொண்டு வில்வண்டியில் தினம் வருவார். கூட ஒரு ஆள், ஒரு தராசு, தடியாக ஒரு ரிஜிஸ்டர். மணியக்காரர் அவரை எங்கள் தெருவுக்குக் கூட்டிவந்து விஷயத்தைச் சொன்னார். தாய்மார்களும் பிள்ளைகளும் என்ன தின்கிறார்கள், அதில் எது குறைந்தால் எந்த வியாதி வருகிறது என்று கவர்மெண்டு ஆராய்ச்சி பண்ணுகிறது. சில வீடுகளில் பத்து நாள் காலையும் மாலையும் வந்து சமைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடை போடுவார்கள். பிள்ளைகளைப் பரிசோதனை பண்ணுவார்கள். அந்த ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் மேலிடத்தில் எந்தப் பக்கத்துக்குப் பால் பவுடர், எந்தப் பக்கத்துக்கு மீன் எண்ணெய் என்று தீர்மானம் பண்ணுவார்களாம்.

எங்கள் வீடும் அதில் ஒன்று.

அன்றைக்கே வளவனூருக்கு ஆள் அனுப்பினேன். தம்பி வண்டியில் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கினான். பாலைக் காபி கிளப்புக்குப் பத்து நாள் நிறுத்தினேன். ஒரு கிண்ணம் நெய்யும் வாங்கி வைத்தேன். கூழ்ப்பானையைக் கழுவிப் பரண்மேல் கவிழ்த்தேன். தராசு வந்தபோது நான் எடுத்து வைத்தது அரிசி, பருப்பு, பால், நெய். முதல் தடவையாக மாமியார் என்னை மெச்சிக்கொண்டு பார்த்தாள்.

பெரிய வீட்டில் நெல்லுச்சோறு காட்டுகிறார்கள் என்று தெருவெல்லாம் தெரிந்துபோனது. அப்புறம் எந்த வீட்டுக்காரி கேப்பையை எடுத்து வைப்பாள்? என்னிடமே வந்து படி அரிசி கைமாற்று கேட்டார்கள். சிரிப்பு என்னவென்றால், ஒரே அரிசி மூன்று வீட்டுத் தராசில் ஏறியது. எடை போட்டுவிட்டு டாக்டரம்மா அடுத்த வீட்டுக்குள் நுழைவதற்குள் புழக்கடை வழியாக முறம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். நாங்கள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். டாக்டரம்மா சேரிக்கும் அதே தராசைக் கொண்டுபோனார். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தட்டைக் கழுவிவிட்டு வையுங்கள் என்று அந்த ஆளிடம் சொன்னேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். தன் கையாலேயே செம்பில் தண்ணீர் மொண்டு தட்டைக் கழுவித் துடைத்து வைத்தார்.

அஞ்சலை தன் வீட்டில் எதையும் ஒளிக்கவில்லை. கேப்பை, நண்டு, நத்தை, என்னிடம் உருவிக்கொண்டு போன முருங்கைத்தழை, எல்லாவற்றையும் முறத்தில் போட்டு நீட்டியிருக்கிறாள். தன் பெண்ணுக்குச் சாயங்காலமானால் கண் மங்குகிறது என்றும் தானாகவே சொல்லிவிட்டாள்.

4

எழுதுவதை ரெண்டு நாள் நிறுத்திவைத்தேன். கை வலி.

இங்கே எங்கள் பொழுது இப்படித்தான். காலையில் பேரன் போகிறான், அப்புறம் ஷாலினி போகிறாள். மீராவை நர்சரி வேன் வந்து கூட்டிப்போகிறது. வீட்டில் நானும் பூங்காவனமும். அவள் ரேடியோ வைத்துக்கொண்டு வெங்காயம் உரிப்பாள், என்னைவிட வேகமாக உரிப்பாள். மத்தியானம் மீரா வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துகொள்ளும். நான் தமிழில் கூப்பிட்டால் திரும்பாது. "மாக்கான்" என்றால் திரும்பும், சாப்பிடு என்பதற்கு மலாய்ச் சொல். சோற்றைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் முழங்கை எலும்பு எனக்கு நன்றாகத் தெரிகிறது. மற்றவர்களுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் பேசாமல் இருக்கிறார்களா, எனக்குப் புரியவில்லை.

மிஸி வந்து போனதிலிருந்து ஷாலினி பூங்காவனத்தோடு பேசுவதில்லை. தட்டைக் கொண்டுவந்து டக்கென்று வைக்கிறாள். பூங்காவனம் சிரிக்கிறாள். "சத்தத்துலயே கோவம் எத்தனை பலம்னு எடை போட்டுடுவேன்" என்கிறாள்.

சில வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கண் தெரியாதவர்களுக்கு உண்டான கார்டு எடுக்கப் போனோம். டோக்கன் எடுத்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். முதலில் என் ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, வாங்கிப் பார்த்தார்கள். அதில் என் பிறந்த வருஷம் ஒரு குமாஸ்தா முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. அதைக் கொண்டு பார்த்தால் நான் பூங்காவனத்தைப் பெற்றது பத்து வயதில். அதற்கு ஒரு சத்தியக் கடுதாசி, அதற்கு ஒரு முத்திரை. எல்லாம் முடிந்து பாரத்தில் கடைசியாக ஒரு கேள்வி. கண் போன காரணம் என்ன?

"சம்பாக்" என்றேன். தட்டம்மைக்கு இங்கே அதுதான் பேர். நான் கப்பலில் வந்திறங்கினதும், மகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் அதுதான். கோயிலில் கேட்டவர்களிடம், அக்கம்பக்கத்தில், மகனிடம், மருமகளிடம், எல்லாரிடமும் அதேதான். அம்மை போட்டது, கண் போய்விட்டது. அந்தப் பெண் பாரத்தில் எழுதிக்கொண்டாள். பூங்காவனம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

5

பரிசோதனை பண்ணின அன்று டாக்டரம்மா பூங்காவனத்தின் இமையை விரித்து வெகுநேரம் பார்த்தார். வெள்ளை விழி ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்த மாதிரி ஒரு திட்டு இருந்தது. கண் வறண்டு தெரிகிறதே, சாயங்காலம் பார்வை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாகத் தெரிகிறது என்றேன். அவர் நம்பவில்லை. நாலு நாள் கழித்துப் பொழுது சாயும் நேரத்தில் ஒருதரம் வந்து பார்க்கிறேன் என்றார்.

சாயங்காலம் எப்படிப் பார்ப்பார்கள் என்று அஞ்சலை மூலம் எனக்குத் தெரியும். அவள் மகளுக்குப் பார்த்திருந்தார்கள். "நடுவாசல்ல ஒரு செம்ப வச்சுட்டு எடுத்துக்கினு வாடான்னாங்கம்மா. அது இந்தப் பக்கம் தடவுது, அந்தப் பக்கம் தடவுது, கடைசில நாயைப் புடிச்சுக்கினு வருது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் மகள் பேரை மாலைக்கண் பட்டியலில் எழுதிக்கொண்டு மீன் எண்ணெய் கொடுத்தார்களாம். "குடிச்சா ஏப்பத்துல மீனு நீந்துதும்மா. நாத்தம் கெடக்குது, கண்ணு வந்தா போதும்" என்றாள்.

அந்தப் பட்டியல்தான் எனக்குப் பாம்பு மாதிரி தெரிந்தது. பெண் குழந்தை. பெரிய வீட்டுப் பெண்ணுக்கு மாலைக்கண் என்று எழுத்தில் ஏறினால், மணியக்காரர் வாய் வழியாக மயிலம் சந்தைக்குப் போகும், அங்கிருந்து அனந்தபுரம் வரை போகும். பத்து வருஷம் கழித்துப் பெண் கேட்டு வருகிறவன் அதைத்தான் முதலில் கேட்பான். மாமியார் ஒருபடி மேலே போய், அது வளவனூர் ரத்தம் என்பாள். வீட்டுக்காரரிடமிருந்து கடுதாசி இல்லை, உசிரோடு இருக்கிறாரா தெரியவில்லை. ஆண் துணை இல்லாத வீட்டில் மானம் ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்தேன். எண்ணெய் குடித்தால் கண் சரியாகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அஞ்சலை மகள் சாயங்காலத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதும் தெரியும்.

மூன்று சாயங்காலம் பூங்காவனத்துக்குப் பழக்கினேன். வாசப்படியிலிருந்து நேராகப் பத்து அடி, பத்தாவது அடியில் குனி, கைக்குச் செம்பு வரும், எடுத்துக்கொண்டு திரும்பிப் பத்து அடி. "வெளையாட்டாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்குக் குஷி. செம்பை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் வெல்லம் கொடுத்தேன்.

நாலாம் நாள் சூரியன் இறங்கினதும் டாக்டரம்மா வந்தார். செம்பை வாசலில் வைத்தார். எடுத்துக்கொண்டு வா கண்ணு என்றார். பூங்காவனம் போனாள், குனிந்தாள், எடுத்தாள், கொண்டுவந்து கொடுத்தாள்.

டாக்டரம்மா அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். "பயந்துட்டேம்மா. ரொம்ப சந்தோஷம். எங்கிட்ட எண்ணெய் கொஞ்சந்தான் இருக்கு, மத்த பிள்ளைங்களுக்கு ஆகும்" என்று சொல்லி ரிஜிஸ்டரில் எழுதினார். வில்வண்டி தெருமுனை திரும்பும்வரை நான் தலை நிமிர்ந்து வாசலில் நின்றேன்.

6

மாசியில் ஊருக்குள் தட்டம்மை வந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தது.

அம்மை போட்டால் எங்கள் பக்கத்தில் செய்கிற முறைப்படிதான் செய்தோம். வேப்பிலை செருகினோம், வெளியாள் வரக்கூடாது, விளக்கு கூடாது, வெளிச்சம் கூடாது. அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குக் கோணி கட்டினோம். பால் கூடாது, நெய் கூடாது, தாளிக்கிற வாசனைகூட வரக்கூடாது. நீர்க்கஞ்சி மட்டும். அஞ்சலை தெருவில் நின்று, எண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டாள். மாமியார் வேண்டாம் என்று சொல்வதற்குள் நான் சொன்னேன், வேண்டாம் என்று.

இருட்டில்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. இமை வீங்கி, பீளை கட்டி ஒட்டியிருந்தது. அம்மன் இறங்கினால் சரியாகும் என்றார்கள். நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ ஈரத்துணியால் துடைத்துவிட்டேன், இமை லேசாகப் பிரிந்தது.

"அம்மா, விடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

ஜன்னலில் கட்டின கோணி விலகி, உச்சிவெயில் அவள் கழுத்துமேல் ஒரு கோடாக விழுந்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, இன்னும் இல்லை, தூங்கு என்றேன்.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற அன்று அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் வெயிலில் வைத்திருந்தது. தலையில் ஊற்றினதும் பிள்ளை கண்ணைத் திறந்தாள். வெந்த மீனுக்குக் கண் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒன்று முழுக்க வெள்ளை. இன்னொன்று குழிந்து போயிருந்தது. அக்கம்பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராக வீட்டுக்குள் போனார்கள். குடத்தில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

7

வண்டி கட்டிக்கொண்டு திண்டிவனம் போனேன். டாக்டரம்மா இன்னும் அங்கேதான் இருந்தார், வேறு ஊர்களை முடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து வாங்க என்றார். மடியிலிருந்த பிள்ளையைக் கண்டதும் எழுந்துவிட்டார். இமையைத் தூக்கிப் பார்த்தவர் கையை எடுத்துக்கொண்டார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அந்த ரிஜிஸ்டரை எடுத்து எங்கள் வீட்டுப் பக்கத்தைப் பிரித்தார். கோபமாகப் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் படிக்கிற மாதிரி வரிசையாகப் படித்தார். தினம் அரிசி. தினம் பால். நெய். குழந்தை சாயங்காலத்தில் தடையில்லாமல் நடக்கிறாள், பொருளை எடுக்கிறாள்.

"நீங்க காட்டினதத்தான் எழுதினேம்மா. இப்படிச் சாப்பிடற பிள்ளைக்கு இப்படி ஆகாது" என்றார்.

நான் பிள்ளையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"உங்கள திட்டறதுக்காகக் கேக்கல. இந்தக் கணக்க வச்சுத்தான் மேல முடிவு பண்ணுவாங்க. உங்க தெரு மொத்தமும் நெல்லுச்சோறு தின்னுதுன்னு இதுல இருக்கு. தப்புன்னா இப்பவே அடிச்சு மாத்திடறேன். சொல்லுங்க. அன்னிக்கு அந்தச் செம்ப இவ எப்படி எடுத்தா?"

பேனாவைப் பக்கத்தின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடித்து எழுதத் தயாராக இருந்தார். அந்தப் பேனாமுனையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பிள்ளைக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை, தெருவில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கு ஆகும் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. இதைப் புரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

அடுத்த வருஷம் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு மீன் எண்ணெய் வந்தது, எங்கள் ஊருக்கு வரவில்லை. கேட்டதற்கு, உங்கள் ஊரில் குறை ஒன்றும் இல்லை என்று எழுத்தில் இருக்கிறது என்றார்களாம். அந்த வருஷம்தான் அரிசிக்கு ஊரே அலைந்தது. எங்கள் தெருவில், எந்த வீட்டுப் புழக்கடை வழியாக அரிசி முறம் போனதோ அந்த வீடுகளிலேயே, இன்னும் ரெண்டு பிள்ளைகள் சாயங்காலத்தில் சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தன. அவற்றின் அம்மாக்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்கு நான் காட்டின வழி நினைவிருந்ததோ என்னவோ, அவர்களும் வெளியே சொல்லவில்லை. ஜப்பான்காரன் சண்டை முடிந்து, வீட்டுக்காரரிடமிருந்து கடுதாசி வந்து, நான் கப்பல் ஏறும்வரை அந்தத் தெருவில் தலைகுனியாமல்தான் நடந்தேன். அதுவும் உண்மை.

8

இவ்வளவும் எழுதி முடித்து நேற்று மத்தியானம் பூங்காவனத்துக்கு வாசித்துக் காட்டினேன். அச்சில் வருவதற்கு முன்னால் அவள் காதில் விழ வேண்டும், அதுதான் மரியாதை. எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். அவள் வெங்காயம் உரித்தபடியே கேட்டாள். செம்பு சமாச்சாரம் வந்தபோது மட்டும் கை நின்றது, அப்புறம் மறுபடி உரித்தாள்.

முடிந்ததும், "அஞ்சாவது நம்பர்ல ஒண்ணு வுட்டுட்டியே" என்றாள்.

எதை விட்டேன் என்று கேட்டேன்.

"நீ சொல்லிக் குடுத்தபடி பத்து அடி போனேன். குனிஞ்சேன். அங்க செம்பு இல்ல. டாக்டரம்மா வேற எடத்துல வச்சுட்டாங்க. மண்ணத் தடவிக்கினு நின்னேன், எனக்கு அழுகை வந்துடுச்சு. அப்பதான் நீ இருமின."

நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாசப்படிகிட்ட இருந்த நீ, எப்ப போனியோ, செம்புக்குப் பின்னால போய் நின்னுக்கினு இருமின. நான் உன் இருமலப் பாத்து நடந்தேன். கால்ல செம்பு தட்டுச்சு. டாக்டரம்மா திண்டிவனத்துல கேட்டாங்களே, அதுக்குப் பதில் அதான்."

ரெண்டு தரம் இருமினேன். முதல் தரம் அவள் திரும்பவில்லை.

இத்தனை வருஷமாக ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, என் கை எங்கே என்று தேடி, பேனா அதில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

எழுதிவிட்டேன்.